துண்டு போட்டுப் பிடித்த இடம்

1

மற்றவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அப்பாவுக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறார்கள். என் மகள் எக்செல் தாள் அனுப்புகிறாள்.

நான் அமெரிக்காவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் நிறைந்த நாள் அது. ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் என் மனைவி சுமதி கேசரி கிளறுவாள். நான் இரண்டு பெட்டிகளோடு ஒஹாயோவில் வந்து இறங்கி, பனியைப் பார்த்து உப்பளம் என்று நினைத்த கதையைச் சொல்வேன். மகள் கயல் அதைக் கேட்பதுபோல் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். போன வருடம் கதை பாதியில் இருக்கும்போதே என் போன் அதிர்ந்தது. எதிரே உட்கார்ந்து கேசரி தின்றுகொண்டிருந்தவள்தான் அனுப்பியிருந்தாள். கோப்பின் பெயர் 'அப்பாவுக்கு_இறுதி_3'. முதல் இரண்டு இறுதிகளையும் நான் ஏற்கெனவே நிராகரித்திருந்தேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே நர்ஸ் ஆவதற்கு இரண்டு வழிகள். ஒன்று, பெரிய பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம். கோபுரம், புல்வெளி, விடுதி, கால்பந்து, கடன் எல்லாம் சேர்ந்து வரும். இன்னொன்று, கம்யூனிட்டி காலேஜ். வீட்டிலிருந்து இருபது நிமிடம் காரில் போனால் வரும், ஒரு பெரிய கிடங்கு போன்ற கட்டடம். ஒரு வகுப்பில் வெல்டிங், பக்கத்து வகுப்பில் சமையல், அதற்கடுத்த வகுப்பில் நர்சிங். இரண்டு வருடம். இரண்டு இடத்தில் படித்தவர்களும் எழுதுவது ஒரே உரிமத் தேர்வு. தேறினால் இரண்டு பேருக்கும் ஒரே நர்ஸ் உரிமம்.

கயலுக்கு இரண்டிலும் இடம் கிடைத்திருந்தது. அவள் கம்யூனிட்டி காலேஜுக்குப் போகிறேன் என்றாள். நான் பல்கலைக்கழகத்துக்குப் போ என்றேன். பொதுவாக அப்பாக்கள் சிக்கனம் பேசுவார்கள், பிள்ளைகள் செலவு பேசுவார்கள். எங்கள் வீட்டில் எல்லாம் தலைகீழ்.

அந்தத் தாளில் ஒரு பத்தியில் பல்கலைக்கழகம், ஒரு பத்தியில் கம்யூனிட்டி காலேஜ். வரிசையாகக் கட்டணம், விடுதிச் செலவு, கடன், வட்டி, தேறிய பிறகு முதல் வருடச் சம்பளம், மாதத் தவணை. கடைசிக்கு முந்திய வரிசைக்குத் தலைப்பு 'கடன் முடியும்போது கயலின் வயது'. கம்யூனிட்டி காலேஜ் பத்தியில் 'கடன் இல்லை' என்று இருந்தது. பல்கலைக்கழகப் பத்தியில் 34. அதற்குக் கீழே, யாரும் கேட்காமலே, 'அப்பாவின் வயது' என்று இன்னொரு வரிசை. 66. அந்தக் கட்டத்துக்கு மட்டும் சிவப்பு வண்ணம் அடித்திருந்தாள்.

"பெரிய ஆஸ்பத்திரிகள்ல நாலு வருஷப் பட்டம் இருக்கறவங்களத்தான் கேக்கறாங்களாமே" என்றேன்.

"அது ரோ பதினொண்ணு. பாரு."

பார்த்தேன். வேலையில் சேர்ந்த பிறகு மீதி இரண்டு வருடப் படிப்பை ஆன்லைனில் முடிக்கலாம், அந்தக் கட்டணத்தின் பெரும்பகுதியைப் பல ஆஸ்பத்திரிகள் தாங்களே கொடுத்துவிடுகின்றன என்று எழுதி, அப்படிக் கொடுக்கும் மூன்று ஆஸ்பத்திரிகளின் பெயரையும் போட்டிருந்தாள். இரண்டு பட்டத்துக்கும் ஆரம்பச் சம்பளத்தில் மணிக்கு ஒன்றிரண்டு டாலர் வித்தியாசம் இருக்கலாம் என்பதையும் நேர்மையாகப் பன்னிரண்டாவது வரிசையில் சொல்லியிருந்தாள்.

நான் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் கணினி வேலை பார்க்கிறேன். யார் எப்போது என்ன நஷ்டப்படுவார்கள் என்று கணக்குப் போடுவதுதான் எங்கள் தொழில். அப்படிப்பட்டவனுக்குப் பதினேழு வயதுப் பெண் கணக்குச் சொல்லித் தருகிறாள். தப்புக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் தேடினேன். ஒரே ஒரு எழுத்துப்பிழை அகப்பட்டது.

2

டாலரை ரூபாயாக மாற்றிப் பார்க்கும் வியாதி முதல் பத்து வருடத்தில் தீர்ந்துவிடும் என்பார்கள். எனக்கு அது முற்றி, ரூபாயைக் காணியாக மாற்றும் கட்டத்துக்குப் போய்விட்டது. காணி என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு ஏக்கருக்குச் சற்று அதிகம். பல்கலைக்கழகத்தின் நான்கு வருடச் செலவு, எங்கள் தியாகதுருகத்தில் ரோட்டோரமாக மூன்று காணி. கம்யூனிட்டி காலேஜ், அந்த மூன்று காணியைச் சுற்றியுள்ள வரப்பு.

இந்த அளவுகோல் எனக்குத் தானாக வரவில்லை. நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் என் அப்பா ஒன்றரைக் காணியை விற்று என்னைத் தனியார் பொறியியல் கல்லூரியில் சேர்த்தார். அந்த நிலத்தில் இப்போது ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. முகூர்த்த மாதங்களில் என் படிப்பின்மேல் வாரத்துக்கு இரண்டு கல்யாணம் நடக்கிறது.

எனக்கு அடுத்தவள் வளர்மதி. அவள் முறை வந்தபோது விற்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அரசு நர்சிங் பள்ளியில் டிப்ளமாவில் சேர்ந்தாள். மாதாமாதம் அவர்களே உதவித்தொகை கொடுத்தார்கள். படிப்பை முடித்துவிட்டுத் தனியார் ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள், பிறகு அரசு வேலை. இப்போது கல்வராயன் மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸ். எங்கள் குடும்பத்தில் படிப்புக்காகப் போட்ட பணத்தையும் வந்த பணத்தையும் யாராவது தாளில் எழுதியிருந்தால், சிவப்பு வண்ணம் எந்தப் பிள்ளையின் பெயருக்கு அடிக்கப்பட்டிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நல்லவேளை, அந்தக் காலத்தில் எக்செல் எங்கள் ஊருக்கு வரவில்லை.

"ஒங்கப்பா ஒங்களுக்கு நெலத்த வித்தாரு. நீங்க இன்னாத்த விக்கப் போறீங்க? இந்த வூட்டுக்கே இன்னும் பதினெட்டு வருஷம் பேங்குக்காரன்தான் ஓனரு" என்றாள் சுமதி. அவள் உளுந்தூர்பேட்டைப் பக்கம். கோபம் வந்தால் ஒஹாயோ கழன்று விழுந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் நான் ஒரு காரியம் செய்தேன். நம் ஊரில் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் அப்பாக்கள் ஒரு கைப்பையோடு கிளம்புவார்கள் அல்லவா? மூன்று கல்லூரிகளில் அட்வான்ஸ் கட்டி இடத்தைப் பிடித்து வைப்பார்கள். பையன் ஒன்றில் சேருவான், மற்ற இரண்டு அட்வான்ஸும் கல்விக்குச் செய்த தானம். இடம் கையில் இருந்தால்தான் ராத்திரி தூக்கம் வரும். அந்த ரத்தம் எனக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கயலின் பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும். கல்வி உதவிப் படிவம் முழுவதையும் அவளுக்காக நிரப்பியவனே நான்தான். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்திய வாரம், அலுவலகத்தில் மதிய உணவு நேரத்தில், அவள் கணக்கில் நுழைந்து, பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்டி, 'நான் இங்கே சேர்கிறேன்' என்ற பொத்தானை அழுத்திவிட்டேன்.

'நான்' என்பது யார் என்று அந்தப் பொத்தான் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கம்யூனிட்டி காலேஜின் நர்சிங் வகுப்பில் இடங்கள் குறைவு, காத்திருப்போர் பட்டியல் நீளம். வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் உறுதி செய்யாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தார்கள். கயலுக்குப் பதினெட்டு முடிய மூன்று மாதம் இருந்ததால் என் கையெழுத்தும் வேண்டும். அதற்கான இணைப்பு என் மின்னஞ்சலில் வந்து கிடந்தது. நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மறந்துவிட்டால் போதும். எதையும் மறப்பவன் என்று எனக்கு வீட்டில் நல்ல பெயர் இருந்தது.

3

ஊருக்குப் போனது வளர்மதியின் புதுமனை புகுவிழாவுக்கு. கள்ளக்குறிச்சியில் இரண்டு படுக்கையறையோடு வீடு கட்டியிருந்தாள். சுமதிக்கு லீவு கிடைக்கவில்லை. கயலுக்குப் பள்ளி வசந்த விடுமுறை. இருவரும் பத்து நாள் பயணமாகப் போனோம்.

விழா புதன்கிழமை. பசுமாடு டைல்ஸ் தரையைப் பார்த்துவிட்டு உள்ளே வர மாட்டேன் என்றது. சாக்கு விரித்த பிறகு ஒப்புக்கொண்டது. வந்தவர்களெல்லாம் தரையைத் தட்டிப் பார்த்தார்கள், குழாயைத் திறந்து பார்த்தார்கள், "லோன் எவ்ளோ?" என்று கேட்டார்கள். "கம்மிதாங்க. அடுத்த வருசம் முடிஞ்சிடும்" என்று வளர்மதி நூறு தடவை சொன்னாள்.

அழைப்பிதழை நான் அங்கேதான் முதல்முறையாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். நம் அழைப்பிதழ்களில் பெயருக்குப் பின்னால் பட்டம் போடாமல் விடுவது அவமானம். 'வளர்மதி, டி.ஜி.என்.எம்.' என்று சின்ன எழுத்து. 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே என் பெயர், 'பி.இ., (அமெரிக்கா)' என்று அவளுடையதைவிடப் பெரிய எழுத்தில். வீடு அவளுடையது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, என் மகளுடைய கல்யாணப் பத்திரிகையில் என்ன போடுவது என்று நான் யோசித்தேன். என் எதிர்ப்பின் அசல் காரணம் அந்த அளவுக்குத்தான் இருந்தது. ஒன்றரை அங்குலம்.

ரிட்டயரான பெரியவர் ஒருவர், தூரத்துச் சொந்தம், கயலைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா படிக்கப் போற?"

"நர்சிங் தாத்தா. கம்யூனிட்டி காலேஜ்ல."

அவர் என் பக்கம் திரும்பி, குரலைத் தணித்து, "அமெரிக்காவுலயும் கம்யூனிட்டி கேக்கறானா?" என்றார். விளக்கம் சொல்லியிருக்கலாம். "இல்லிங்க, பெரிய யூனிவர்சிட்டியிலயே கெடச்சிருக்கு" என்றேன். கயல் என்னைப் பார்த்தாள். நான் பந்தியைப் பார்க்கப் போய்விட்டேன்.

பந்தி முடிந்து வளர்மதியின் கணவர் முருகேசன் வெற்றிலையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மரவள்ளி போடுகிறவர். மேடையில்லாமலே பேசக்கூடிய மனிதர்.

"மச்சான், கயலு எனக்கு அந்தத் தாளக் காட்டிச்சு. எனக்கு இங்கிலீசு புரியல, ஆனா கணக்குப் புரிஞ்சிது. கெழங்க லோடு ஏத்திக்கினு ஃபேக்டரிக்குப் போனா அவன் வெயிட்ட மட்டுமா பாக்கறான்? பாயிண்டு இன்னான்னு பாக்கறான்."

பாயிண்ட் என்பது கிழங்கில் எவ்வளவு மாவு இருக்கிறது என்ற அளவு. ஜவ்வரிசி ஆலையில் கொஞ்சம் கிழங்கை எடுத்துச் சோதித்துச் சொல்வார்கள். விலை அதை வைத்துத்தான்.

"மழ பேஞ்ச மக்கியா நாளு புடுங்கினா கெழங்கு வெயிட்டு ஜாஸ்தி நிக்கும். பாயிண்டு கம்மி. ஒங்க நாலு வருசத்துல பாயிண்டு இன்னா ஜாஸ்தி, சொல்லுங்க?"

"வெளி உலகம் தெரியும். நாலு விதமான ஆளுங்களோட பழகலாம். பார்வை விரியும்."

"அதெல்லாம் தண்ணி மச்சான்."

எடையும் விலையில் சேர்த்திதான், பாயிண்டை எடையால் பெருக்குகிறார்களே தவிர எடையைத் தூக்கி எறிந்துவிடுவதில்லை என்ற பதில் எனக்கு இரண்டு நாள் கழித்துத் தோன்றியது. பதினெட்டு வயதில் வீட்டைவிட்டுத் தள்ளிப்போய் வாழ்வதற்கும் ஒரு விலை உண்டுதான். என்னுடைய நல்ல நண்பர்கள் எல்லோரும் அந்த ஒன்றரைக் காணியில் கிடைத்தவர்கள். ஆனால் வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பவரிடம் சரியான நேரத்தில் சரியான பதில் சொன்ன வரலாறு எனக்கு இல்லை.

4

வெள்ளிக்கிழமை வளர்மதிக்கு வேலை நாள். "நானும் வரேன் அத்தை" என்றாள் கயல். நானும் கிளம்பினேன். மலைமேல் அந்தப் பக்கம் போனில் சிக்னல் கிடையாது. ஒஹாயோவின் மதியம் பன்னிரண்டு கள்ளக்குறிச்சியின் இரவு ஒன்பதரை. பகல் முழுவதும் மலையில் கழிந்து, களைத்துப்போய் இறங்கிவந்து, சாப்பிட்டுத் தூங்கிவிட்டால் காரியம் தானாக முடிந்துவிடும். மலைக்காற்று உடம்புக்கு நல்லது என்று காரணம் சொன்னேன்.

சுகாதார நிலையத்தில் காலை நேரக் கூட்டம் குறைந்ததும் வளர்மதி ஒரு பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். அரை மணி நேர நடையில் ஒரு வீடு. பொன்னி என்ற பெண்ணுக்கு இரண்டாவது பிரசவம், நாள் நெருங்கிவிட்டது. அப்படிப்பட்டவர்களை இரண்டு மூன்று நாள் முன்பாகவே வந்து நிலையத்தில் தங்கச் சொல்வார்கள். வலி வந்த பிறகு மலைப்பாதையில் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. மூன்று தடவை சொல்லி அனுப்பியும் அவள் வரவில்லை.

போய்ப் பார்த்தால் பொன்னி புளி உடைத்துக்கொண்டிருந்தாள். முன்னால் ஒரு குவியல் புளியம்பழம். பக்கத்தில் நான்கு வயதுப் பெண் குழந்தை ஓட்டைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தது.

"யாரக் கேட்டு இன்னும் இங்கியே ஒக்காந்துகினு இருக்க?" என்றாள் வளர்மதி.

"இத முடிச்சிட்டு வந்துடறேங்க. நாளைக்கி யாவாரி வராரு."

"புளி எங்கயும் ஓடாது. உள்ள இருக்கறது ஓடியாந்துடும்."

"அது எங்க ஓடியாரும்? அவுங்கப்பா மாரி. கூப்ட்டாதான் வரும்."

வளர்மதி சிரிப்பை அடக்கிக்கொண்டு ரத்த அழுத்தம் பார்த்தாள், வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். முகம் கொஞ்சம் மாறியது. "இன்னிக்கே வரணும்" என்றாள். பொன்னி புளியைப் பார்த்தாள். ஒரு வருடச் செலவு அந்தக் குவியலில் இருந்தது. புருஷன் கடுக்காய் மூட்டையோடு சந்தைக்குப் போயிருந்தான்.

யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால் கயல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எப்பிடி உடைக்கணும்? காமிங்க."

பொன்னி காட்டினாள். கயல் பத்துப் பழத்தை நசுக்கினாள், பதினோராவதை ஒழுங்காக உடைத்தாள். வளர்மதியும் உட்கார்ந்தாள். எல்லோரும் உட்கார்ந்த பிறகு நான் மட்டும் மலைக்காற்று வாங்கிக்கொண்டு நிற்பது நன்றாக இல்லை. நானும் உட்கார்ந்தேன். வேகத்தில் அந்த நான்கு வயதுக் குழந்தை என்னை முந்தியது.

"நீயும் நர்சாம்மா?" என்று கயலைக் கேட்டாள் பொன்னி.

"இனிமேதான் படிக்கணும்."

"எத்தினி வருசம்?"

"ரெண்டு வருஷமும் இருக்கு. நாலு வருஷமும் இருக்கு."

"நாலு வருசம் படிச்ச நர்சம்மா வந்தா புள்ள சீக்கிரம் பொறக்குமா?"

வளர்மதி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த புளி சிதறியது. கயலும் சிரித்தாள். "இல்லக்கா. பரீச்சை ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்."

"அப்ப ரெண்டே படி. நாங்கல்லாம் நாலு வருசம் காத்துக்கினு இருப்பமா?"

ஒன்றரை மணி நேரத்தில் குவியல் தீர்ந்தது. புளியைக் கட்டிப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, பொன்னி ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு எங்களோடு நடந்தாள். கயல் ஒரு கையில் குழந்தையையும் ஒரு கையில் அந்தப் பையையும் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். பாதை ஏறும் இடங்களில் நின்று, பொன்னி மூச்சு வாங்கி முடிக்கும்வரை வேறெங்கோ வேடிக்கை பார்ப்பதுபோல் நின்றாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. நான் நிச்சயமாகச் சொல்லித் தரவில்லை. பின்னால் நடந்துபோன எனக்கு நெஞ்சில் என்னவோ செய்தது. கொஞ்சம் ஏற்றம், கொஞ்சம் குற்ற உணர்ச்சி.

5

மாலைப் பேருந்தில் இறங்கினோம். கச்சிராயபாளையம் நெருங்கும்போது சிக்னல் வந்து, பேருந்திலிருந்த எல்லோருடைய போன்களும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டன. கயல் தன்னுடையதைப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"அப்பா, யூனிவர்சிட்டி விடுதியில இருந்து மெயில். 'நீங்கள் எங்களோடு சேர்வதில் மகிழ்ச்சி. நீங்கள் சீக்கிரம் தூங்குபவரா, தாமதமாகத் தூங்குபவரா? ரூம் மேட் போடணும்'னு கேக்கறாங்க. நான் எப்போ சேர்ந்தேன்?"

நான் ஜன்னல் வழியாகக் கரும்பைப் பார்த்தேன்.

"அப்பா."

"சும்மா ஒரு பாதுகாப்புக்கு. முன்பணம் கட்டி வச்சேன்."

"என் பேர்ல?"

"உன் எடம் உன் பேர்லதானே இருக்கும்."

"அப்போ இன்னொண்ணு? உன் கையெழுத்து? இன்னிக்குதான் கடைசி. நீ போட்டுட்டன்னுதானே நெனச்சேன்! நைட்டு நான் அழுத்தறதுதான் பாக்கின்னு இருந்தேன்!"

ஒரு பொய் என் நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. "போடல" என்றேன்.

முன் சீட்டிலிருந்த வளர்மதி முழுதாகத் திரும்பிவிட்டாள். "இன்னாண்ணா செஞ்சி வச்சிகினு இருக்க?" விஷயத்தைக் கயல் இரண்டே வரியில் சொன்னாள். பேருந்தே கேட்டது.

"பஸ்ஸுல சன்னல் வழியா துண்டு போட்டு எடம் புடிக்கற மாரி புடிச்சியா? அதுவும் எறங்கணும்னு நிக்கறவளுக்கு?"

டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த கண்டக்டருக்குத் தன் தொழில் சம்பந்தப்பட்ட விவகாரம் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை. "சார், துண்டு போட்டா எடம் ஒங்களுதுதான், இல்லன்னு சொல்லல. ஆனா ஒக்காரப் போறவங்க அந்த பஸ்ஸுல ஏறணும்ல?"

கயல் சிரிக்கவில்லை. அதுவரை பார்க்காத ஒரு அமைதி அவள் முகத்தில் இருந்தது. "நான் ஃபெயிலானா என்ன திட்டு. தப்பா முடிவு எடுத்தா சண்ட போடு. ஆனா என் பேர்ல நீ 'சரி' சொல்லக்கூடாது. எங்கிட்ட கேக்காம சொல்லக்கூடாது."

அவள் தமிழ் இலக்கணமாக இருக்காது. அன்றைக்கு அதில் ஒரு சொல்லும் பிசகவில்லை.

நான் அப்போது யோசித்தது வேறு ஒன்று. என் அப்பா எனக்காக நிலத்தை விற்றார். நான் என் மகளுக்காக ஒன்றையும் இழக்காமல் அவளை நர்ஸாக்கிவிட்டால், அப்பா என்ற வேலையை அரைகுறையாகச் செய்ததுபோல் எனக்குப் பட்டிருக்கிறது. அவளுக்கு என்ன தேவை என்ற கணக்கை அவள் போட்டாள். எவ்வளவு நஷ்டப்பட்டால் எனக்குத் திருப்தி என்ற கணக்கை நான் போட்டேன். இரண்டும் ஒரே தாளில் இருந்ததால்தான் இத்தனை குழப்பம்.

போனை எடுத்தேன். இணைப்பைத் திறந்தேன். பெட்டிக்குள் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னது. பேருந்து குலுங்கியதில் முதல் தடவை என் பெயர் கட்டத்தைத் தாண்டி எங்கோ போனது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். கண்டக்டர் டிரைவரைப் பார்த்து, "அண்ணே, மெதுவா போ. சார் கையெழுத்துப் போடறாரு" என்றார். டிரைவர் ஏன் என்றுகூடக் கேட்காமல் மெதுவாகப் போனார். மூன்றாவது தடவை அது கையெழுத்துப் போல இருந்தது.

பிறகு கயல் தன் போனில், தன் விரலால், உறுதி செய்யும் பொத்தானை அழுத்தினாள். அப்போது ஒஹாயோவில் காலை ஒன்பது மணிகூட ஆகவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு நான் கட்டிய முன்பணம் திரும்பி வரவில்லை. சுமதியிடம் அதைச் சொல்ல விமானப் பயணம் முழுவதும் ஒத்திகை பார்த்தேன். கயல் முந்திக்கொண்டதில், அவளுக்கு விமான நிலையத்திலேயே தெரிந்திருந்தது. பொன்னிக்கு நாங்கள் மலையிலிருந்து இறங்கிய மறுநாள் காலையில், சுகாதார நிலையத்திலேயே, பையன் பிறந்தான். கூப்பிடாமலே வந்துவிட்டான் என்று வளர்மதி செய்தி அனுப்பினாள்.

6

கயல் இப்போது இரண்டாவது பருவம் படிக்கிறாள். காலையில் வகுப்பு, வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரிப் பயிற்சி, சனி ஞாயிறு ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. அவள் வகுப்பில் இரண்டு பிள்ளை பெற்ற அம்மா ஒருத்தி, முன்பு லாரி ஓட்டியவர் ஒருவர், பேரன் எடுத்தவர் ஒருவர் இருக்கிறார்கள். நாலு விதமான ஆட்களோடு பழகலாம் என்று நான் முருகேசனிடம் சொன்னேனே, அது இங்கேதான் கிடைத்திருக்கிறது. அவள் அறையில் எலும்புகளின் பெயர்கள் ஒட்டியிருக்கின்றன. சமையலறையில் என் கையை நீட்டச் சொல்லி ரத்த அழுத்தம் பார்க்கிறாள். முதலில் இரண்டு மூன்று முறை, நான் இறந்துவிட்டதாகவே அளவு வந்தது.

எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் மாதம் ஒருமுறை கூடிச் சாப்பிடும்போது, அப்பாக்கள் ஒரு மூலையில் நின்று பிள்ளைகளின் கல்விக் கடனைப் பற்றிப் பேசுவார்கள். முனகல்தான், ஆனால் உள்ளே பெருமை இருக்கும். முன்பு நானும் அந்த மூலையில் நிற்க ஆசைப்பட்டேன். இப்போது தயிர்சாதம் இருக்கும் பக்கம் நிற்கிறேன். அங்கே கூட்டம் கம்மி.

பாஸ்வேர்டை அவள் மாற்றிவிட்டாள். அது நியாயம். ஆனால் போன ஆகஸ்டில் கட்டண விவரம் கேட்கக் கல்லூரி அலுவலகத்துக்குப் போன் செய்தபோது இன்னொன்று தெரிந்தது. மறுமுனையில் இருந்த பெண் மிகவும் மரியாதையாக, மாணவி எழுத்தில் அனுமதி கொடுக்காமல் பெற்றோரிடம் எதையும் பேசக்கூடாது என்று சட்டம் இருக்கிறது என்றார். "நான்தான் அவள் அப்பா" என்றேன். "புரிகிறது" என்றார். "பணம் கட்டப் போவது நான்" என்றேன். "அதுவும் புரிகிறது" என்றார். நம் ஊர் அலுவலகத்தில் இருபது ரூபாயில் முடிகிற வேலை.

கயலிடம் அனுமதிப் படிவத்தைப் பற்றிச் சொன்னேன். "யோசிக்கறேன்" என்றாள். முதல் பருவக் கட்டணத்துக்குத் தொகையை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். நான் செக் எழுதிக் கொடுத்தேன். யோசிப்பதற்கு ஐந்து மாதம் எடுத்துக்கொண்டாள். நான் திரும்பக் கேட்கவில்லை. அந்த ஐந்து மாதத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதியோர் இல்லத்திலிருந்து திரும்பி வந்தவள், சீருடையைக்கூட மாற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து படிவத்தைத் திறந்தாள். எதையெதை அப்பா பார்க்கலாம் என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். மதிப்பெண்கள்: கூடாது. வருகைப் பதிவு: கூடாது. ஒழுங்கு நடவடிக்கை: கூடாது. கட்டணம்: கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கூடும் என்று குறித்துத் தன் கையெழுத்தைப் போட்டாள்.

"கட்டணம் மட்டுமா?"

"இப்போதைக்கு."

அவள் குளிக்கப் போன பிறகு எனக்கென்று வந்த கணக்கில் நுழைந்து பார்த்தேன். இரண்டாவது பருவத்துக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று தெரிந்துகொண்டு வங்கியிலிருந்து எடுத்து வைக்கலாம் என்று நினைத்தேன். தொகைக்கு நேராக 'செலுத்தப்பட்டது' என்று இருந்தது. முதியோர் இல்லத்துச் சம்பளத்தை ஐந்து மாதமாகச் சேர்த்துவைத்து, இரண்டு நாள் முன்னால் அவளே கட்டியிருந்தாள். பாக்கி என்ற இடத்தில் ஒரு பூஜ்ஜியம்.

எனக்கு அவள் கொடுத்த ஒரே அதிகாரம், அந்தப் பூஜ்ஜியத்தைப் பார்ப்பது. தினமும் ஒருமுறை, மதிய உணவு நேரத்தில், உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். எந்தப் பொத்தானையும் தொடுவதில்லை.